வண்டி நுழையாத பாதை

உக்காரு கண்ணு. அந்தச் சேர்ல வேண்டாம், அது அவரு உக்கார்றது. இப்படி ஃபேனுக்குக் கீழ வா. மோர் தர்றேன், குடி. திருப்பூர்ல இருந்து பஸ் ஏறி வந்திருக்கே, மூஞ்சியெல்லாம் வாடிப் போச்சு. கொஞ்சம் மெதுவாப் பேசு, உள்ள படுத்திருக்காரு. நான் பேசறது அவருக்குப் பழக்கம், எழுந்திரிக்க மாட்டாரு.

மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நீ பார்க்க வந்தது பாதைக் கமிட்டி செகரட்டரியைன்னா வீடு மாறி வந்துட்டே. செகரட்டரி இப்ப ரஞ்சிதம். பாதைக்கு அந்தப் பக்கம் மில் லைன்ல இருக்கா. பேரைச் சொன்னாப் போதும், கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் வீட்டு வாசல்ல விட்டுடுவாங்க. உன்னை இங்க அனுப்பினது ஆரு? ஓ, அவளேதானா. என்ன சொல்லி அனுப்பினா? பாதையைப் பத்திக் கேக்கணும்னா டீச்சரைத்தான் கேக்கணும்னு சொன்னாளா? ம். வாயில மட்டும் வெல்லம்.

உங்க ஊர்ல ஓடைக்கரையில இதே மாதிரி போடப் போறீங்களாமே. வண்டி வராம, நடக்கறவங்களுக்கு மட்டும்னு ஒரு பாதை. நல்லது, போடுங்க. ஆனா அந்த நோட்டை மூடி வை. எழுதிட்டே இருக்கறவங்க காதுல எதுவும் ஏறாது. ஆயுசு பூரா ஸ்கூல்ல பார்த்தவ நான். பி.டி. டீச்சர். கிரவுண்டுல வெயில்ல நின்னு கத்திக் கத்தித்தான் இந்தத் தொண்டை இப்படி ஆச்சு. எந்தக் கூட்டத்துலயும் எனக்கு மைக் தேவைப்பட்டதில்ல. இந்தக் காலனிக்காரங்களுக்கு அதுவே ஒரு குறை.

இங்க முன்னாடி ஒரு பஞ்சு மில் இருந்துச்சு. அதுக்குள்ள போறதுக்குன்னு ஒரு கூட்ஸ் தண்டவாளம். மில்லை மூடினாங்க, தண்டவாளத்தைப் பேத்து எடுத்துட்டுப் போனாங்க, நெலம் மட்டும் நீளமாக் கெடந்துச்சு, மெயின் ரோட்டுல இருந்து ஸ்டேஷன் பின்பக்கம் வரைக்கும். இந்தப் பக்கம் எங்க காலனி. அந்தப் பக்கம் மில்லுல வேலை பார்த்தவங்களோட லைன் வீடுக. நடுவுல சீமைக்கருவேல முள்ளு, வீடு இடிச்ச மண்ணு, ஒடைஞ்ச பாட்டில். பொழுது சாஞ்சா பொம்பளைங்க அந்தப் பக்கம் தலை காட்ட மாட்டோம்.

அதை ரோடு ஆக்கணும்னு எங்க காலனிக்காரங்களுக்கு ஆசை. தலைவர் சண்முகவடிவேல், பம்ப் செட் கம்பெனி வெச்சிருக்கறவரு, வீட்டுல ஆளுக்கொரு கார். சிக்னல்ல நிக்காம நேரா ஸ்டேஷனுக்குப் போயிடலாம்னு அவருக்கு ஒரு நெனப்பு. நான்தான் குறுக்க விழுந்தேன். ரோடு போட்டா இந்த ஊர்ல இருக்கற அத்தனை வண்டியும் நம்ம வாசலைத் தேடி வரும், அப்பறம் கொழந்தை குட்டியோட வெளிய நிக்க முடியாது, மனுசன் நடக்கறதுக்குன்னு ஒரு எடத்தை விட்டு வைங்கன்னு சொன்னேன். கூட்டத்துல ஒருத்தரும் வாயைத் திறக்கல. திறக்காததை நான் சம்மதம்னு எடுத்துக்கிட்டேன்.

ஏன் சொன்னேன்னு கேளு. அவருக்காகத்தான்.

எங்க வீட்டுக்காரரு போஸ்ட் ஆபீஸ்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவரு. காலையில கடைக்குப் போய்ப் பேப்பர் வாங்கி, அதை அங்கயே நின்னு பாதி படிச்சு, நாலு பேர்கிட்ட நாயம் பேசி, பொடிநடையா வீடு வந்து சேருவாரு. ஒரு நாள் அப்படி ஓரமா வந்துட்டிருந்தவரை எவனோ பைக்குல இடிச்சுத் தள்ளிட்டு நிக்காமப் போயிட்டான். இடுப்பெலும்பு முறிஞ்சு, ஆபரேஷன் பண்ணி பிளேட் வெச்சாங்க. எலும்பு கூடிருச்சு, இனிமே நடக்கறது உங்க கையிலதான் இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா இவரு ரோட்டுல காலை வெக்க மாட்டேங்கறாரு. ஹாரன் சத்தம் கேட்டா ஒடம்பே நடுங்குது. வாக்கரைப் பிடிச்சுட்டு ஹாலுக்கு வருவாரு, பாத்ரூமுக்குப் போவாரு, அந்தச் சேர்ல உக்காருவாரு. அவ்வளவுதான். ஓடவே வராதுன்னு சொன்ன புள்ளைங்களை எல்லாம் மாவட்டப் போட்டிக்குக் கூட்டிட்டுப் போனவ நான். என்ற வீட்டுக்காரரை வாசப்படி தாண்ட வெக்க முடியல. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நீயே நெனச்சுப் பாரு.

அப்பத்தான் முடிவு பண்ணேன். ஹாரனே கேக்காத ஒரு பாதை போடணும், அதுல இந்த மனுசனை நடக்க வெச்சுப் பார்க்கணும். ஊருக்கு நல்லது, ஒடம்புக்கு நல்லது, காத்துக்கு நல்லதுன்னு மீட்டிங்குல ஆயிரம் பேசியிருப்பேன். உள்ளுக்குள்ள இருந்தது இது ஒண்ணுதான். இதை நான் ஆருகிட்டயும் சொன்னதில்ல. நீ வெளியூரு, அதனால சொல்றேன்.

காலனி மட்டும் நெனச்சா நடக்காது. பாதி எடம் மில் லைன்காரங்க பொழங்கிட்டிருந்தது. மாடு கட்டறது, துணி காயப்போடறது, தண்ணி சுட வெக்கறது எல்லாம் அங்கதான். அவிங்களும் சேர்ந்து வந்தாத்தான் அனுமதின்னு கார்ப்பரேசன்ல சொல்லிட்டாங்க. சரின்னு நானே கெளம்பிப் போனேன். முன்னாடி வந்து இடுப்புல கையை வெச்சு நின்னா ரஞ்சிதம். மில்லுல கோன் ஒயிண்டிங்ல நூல் சுத்தினவ, யூனியன்ல பேசிப் பழகின வாயி. ‘நீங்க காத்தாட நடக்கறதுக்கு நாங்க எதுக்குங்க டீச்சர் மாட்டை அவுக்கணும்?’னு கேட்டா. எனக்கு அவளைப் பிடிச்சுப் போச்சு. மறைக்கறதுக்கு என்ன இருக்கு, பிடிச்சுத்தான் போச்சு. காலனியில ஒருத்தர்கூட என்கிட்ட அப்படி நேருக்கு நேரா கேட்டதில்ல. பின்னாடிதான் பேசுவாங்க.

அவகூட உக்காந்து பேசிப் பேசி ஒவ்வொண்ணாத் தீர்த்தோம். ஸ்டேஷன் பக்கத்துல மாட்டுக்குன்னு ஒரு கொட்டாய். பாதை ஓரத்துலயே துணி காயப்போடக் கம்பம். காலனிக்காரங்க மூக்கைச் சுளிச்சாங்க, பாதையில சேலை தொங்குனா பார்க்க நல்லா இருக்குமான்னு கேட்டாங்க. உங்க வீட்டு மாடியில தொங்கறது மட்டும் என்ன தேசியக்கொடியான்னு கேட்டேன். அதோட அடங்கிட்டாங்க.

வேலை நடந்த அழகைச் சொல்லணும் கண்ணு. மில்லு மூடி எத்தனையோ காலம் ஆச்சு, அவிங்க ஒடம்புல இருந்து ஷிப்ட் போகவே இல்ல. ரஞ்சிதம் வாயில கையைக் குவிச்சு மில் சங்கு மாதிரி ஒரு சத்தம் குடுப்பா, காலை ஷிப்ட் எறங்கிரும். மதியம் இன்னொரு சத்தம், அடுத்த ஷிப்ட். ஆள் மாறும்போது மம்பட்டியைக் கீழ வெக்க மாட்டாங்க, கையில இருந்து கைக்குத்தான் போகும். மிஷின் நிக்கக் கூடாதுன்னு பழகினவங்க. எங்க காலனி ஆளுக ஞாயித்துக்கிழமை தொப்பி போட்டுட்டு வந்து, ஆளுக்கொரு கன்னு நட்டு, ஃபோட்டோ எடுத்துட்டு டிபன் சாப்பிடப் போயிடுவாங்க. நான் ரெண்டு பக்கமும் நின்னேன். விசில் அடிச்சேன். பாதை கோணாம வரணும்னு கயிறு கட்டினேன். ஒரு நாள் ரஞ்சிதம் எல்லாருக்கும் முன்னாடி, மண்ணு என்னங்க டீச்சர், அட்டென்ஷன்லயா நிக்கப் போகுதுன்னு கேட்டா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ஆனா கயிறை அவுக்கல.

ரெண்டு பக்கமும் கம்பி வேலி போட்டாச்சு. இனி நுழையற எடம். இதை நல்லாக் கேட்டுக்க, உங்க ஊர்ல இதுதான் உங்களைக் கொல்லப் போகுது. வண்டி வரக்கூடாதுன்னு போர்டு வெச்சா நம்ம ஊர்ல வண்டி வராம இருக்குமா? நடக்கற பிளாட்பாரத்துலயே ஏறி வந்து, வழி விடுன்னு ஹாரன் அடிக்கற ஊரு இது. காரை நிறுத்த ஒரு கல்லு நட்டாப் போதும். பைக்கை நிறுத்தணுமே. அவரை இடிச்சது பைக்குதானே. அதனால எல்லா வாசல்லயும் இரும்புப் பைப்பு நட்டோம். நேரா நுழைய முடியாது, ஒரு பைப்பைச் சுத்தி வளைஞ்சு அடுத்த பைப்புக்கு நடுவுல போகணும். அகலம் எவ்வளவுங்கறதை நான்தான் முடிவு பண்ணேன்.

சும்மா ஒண்ணும் முடிவு பண்ணல. எல்லாத் தினுசு வண்டியையும் கொண்டு வரச் சொல்லி நுழைச்சுப் பார்த்தேன். புல்லட் முட்டி நின்னுச்சு. ஸ்கூட்டர் முட்டுச்சு. மில் லைன்ல ஒரு பழைய மொபெட், அது மட்டும் நெளிஞ்சு நெளிஞ்சு உள்ள வந்துருச்சு. பைப்பை இன்னும் நெருக்கினேன். அப்பறம் மனுசன் போகணுமில்ல? இருக்கறதுலயே பெரிய ஒடம்பு சண்முகவடிவேலுக்குத்தான். அவரைக் கூப்பிட்டு, வயித்தை எக்கிட்டு நடங்கன்னு சொன்னேன். கொஞ்சம் உரசினாலும் போயிட்டாரு. அவரே போனா ஊரே போகலாம்னு சிமெண்ட் கலவை போட்டு இறுக்கிட்டோம். எவ்வளவு யோசனை பண்ணிச் செஞ்சிருக்கேன்னு பாரு. கார்ப்பரேசன் இன்ஜினியர்கூட இப்படி நுழைச்சுப் பார்த்திருக்க மாட்டாரு.

திறப்பு விழா அன்னைக்கு மேளதாளம், கவுன்சிலர், கேசரி, எல்லாம் உண்டு. அவருக்குச் சலவை வேட்டி கட்டி விட்டு நானே கூட்டிட்டுப் போனேன். எங்க தெருக்கோடியிலதான் காலனி வாசல். வாக்கரை வெச்சு வெச்சு மெதுவா வந்தாரு. ரோடு ஓரம்னு பயந்து பயந்து, ஆனா வந்துட்டாரு. எல்லாரும் ஒதுங்கி வழி விட்டாங்க. பைப்புக்குள்ள நுழைஞ்சாரு. வளையற எடத்துல வாக்கர் மாட்டிக்கிச்சு.

முன்னாடியும் போகல, பின்னாடியும் வரல. ஊரே பார்த்துட்டு நிக்குது. நான் என்ன சொன்னேன்? தப்பா ஒண்ணும் சொல்லலையே. வாக்கரை விடுங்க, பைப்பைப் பிடிங்க, இடது கால், வலது கால், நாலு எட்டுத்தான், வந்துடலாம்னு சொன்னேன். மேளம் அடிச்சுட்டிருந்தாங்க, அதனால கொஞ்சம் சத்தமாச் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். அவரு என்னை ஒரு பார்வை பார்த்தாரு. அப்பறம் வாக்கரை ஆட்டி ஆட்டி வெளிய உருவி, திரும்பி வீட்டைப் பார்த்து நடந்துட்டாரு. பைப்புல பெயிண்ட் சரியாக் காயல. வேட்டியில ஒட்டின பச்சை எத்தனை தொவைச்சும் போகல.

அதோட சரி. நித்தமும் கூப்பிட்டேன். நாளைக்குப் பார்க்கலாம்பாரு. நெம்ப அழுத்தக்காரரு, வாயைத் திறந்து எதையும் சொல்ல மாட்டாரு. காலை வெச்சுப் பழகினா வாக்கரே வேண்டாம், பழகறதுக்கு மனசு வேணும்னு நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

ரஞ்சிதம் இங்க வந்து, இதா நீ உக்காந்திருக்கற எடத்துல உக்காந்து, ஒரு பைப்பைப் புடுங்கிடலாங்க டீச்சர், அண்ணன் வந்துட்டுப் போகட்டும்னா. முடியாதுன்னுட்டேன். ஒரு பைப்பை எடுத்தா மறுநாளே மொபெட் வரும், அடுத்த வாரம் புல்லட் வரும். அதுவும் என்ற வீட்டு ஆளுக்காக எடுக்கறதா? நாளைக்கு ஊரு என்ன பேசும்? செகரட்டரி வீட்டுக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டமான்னு கேக்காதா? அவ எந்திரிச்சு நின்னு கேட்டா.

‘அப்ப இதை ஆருக்காகங்க டீச்சர் போட்டது?’

அவளுக்குத் தெரியுமா, தெரியாமக் கேட்டாளான்னு தெரியல. மோர் குடிச்சுட்டுப் போன்னு சொன்னேன். குடிக்காமப் போயிட்டா.

அப்பறம்தான் அந்த வேலி விவகாரம். காலையில விசிலோட நடக்கப் போறேன், எங்க தெருவுக்குப் பின்னாடி, டிரான்ஸ்பார்மர் மறைவுல, கம்பி வேலியை வெட்டி வெச்சிருக்காங்க. ஆள் உசரத்துக்கு, நல்லா அகலமா. எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. கம்பியை எடுத்துட்டு வந்து நானே இழுத்துக் கட்டினேன். ரெண்டு நாள்ல மறுபடி வெட்டியிருந்தாங்க. கிட்டப் போய்ப் பார்த்தா, வெட்டின கம்பி முனை ஒவ்வொண்ணையும் உள்பக்கமா மடக்கி, மேல நூலைச் சுத்தி முடிச்சுப் போட்டிருக்கு. வேலியை வெட்டற களவாணி எவனாவது கையில கீறக் கூடாதுன்னு நூல் சுத்துவானா? அந்த முடிச்சு ஒயிண்டிங் முடிச்சு. அறுந்த நூலை முடியறப்ப கண்ணை மூடிட்டுப் போடுவாங்களே, இருக்கறதே தெரியாத மாதிரி, அது. வேலை செய்யறப்ப கயிறு அறுந்தா ரஞ்சிதம் அதைத்தான் போடுவா.

நேரா அவ வீட்டுக்குப் போனேன். இது உன் முடிச்சுதானேன்னு கேட்டேன். ஆமாங்க டீச்சர்னா. எதுக்கு வெட்டினேன்னு கேட்டா, காத்து வரட்டும்னுதானுங்கறா. காத்து வர்றதுக்குக் கம்பி வேலியை வெட்டுவாங்களா? என்னைப் பார்த்தா அவளுக்கு எப்படித் தெரியுதுன்னு கேக்கறேன். அந்த மில் லைனையே கூட்டி வெச்சு விசாரிச்சேன். அத்தனை பேரும் வானத்தைப் பார்த்துட்டு நிக்கறாங்க. மண்ணுல பைக் தடம் இருக்கான்னு தேடினேன், இல்ல. சின்னச் சின்னதா உருண்டையா குழிதான் இருந்துச்சு, நாலு நாலா, பாதை நெடுக. ஆட்டைக் கொண்டு வந்து முளைக்குச்சி அடிச்சுக் கட்டறாங்கன்னு நெனச்சேன். அதுக்கும் ஒரு மீட்டிங் போட்டேன், ஆடு கட்டக் கூடாதுன்னு.

ராத்திரி சாப்பாட்டுக்கு உக்கார்றப்ப எல்லாத்தையும் அவருகிட்டத்தான் கொட்டுவேன். தட்டைப் பார்த்துட்டே கேப்பாரு. அப்ப நல்லாச் சாப்பிட ஆரம்பிச்சிருந்தாரு, நான் மாத்திக் குடுத்த டானிக் வேலை செய்யுதுன்னு சந்தோசப்பட்டேன். ஒரு நாள் மட்டும் கேட்டாரு, அந்த ஓட்டையால ஆருக்கு என்ன கெடுதல்னு. வீட்டை விட்டு எறங்காத மனுசனுக்கு வெளி நடப்பு என்ன தெரியும்னு சொல்லிட்டேன். ரசம் ஊத்துன்னாரு.

சாயங்காலத்துல நான் பக்கத்து ஸ்கூலுக்குப் போய்க் கோ-கோ சொல்லிக் குடுக்கறது. ஒரு நாள் மழை பேஞ்சு கிரவுண்டு பூராத் தண்ணி. போன வேகத்துல திரும்பிட்டேன். வந்து பார்த்தா சேர் காலி. ரூம்ல இல்ல, பாத்ரூம்ல இல்ல. வாக்கரையும் காணோம். செருப்பு போடாம ஓடினேன். தெருவுல ஈரமண்ணு. பார்த்தா அதே சின்ன உருண்டைக் குழி, நாலு நாலா, எங்க வாசல்ல ஆரம்பிச்சு டிரான்ஸ்பார்மர் பக்கமாப் போகுது.

அந்த வேலி ஓட்டையில நானும் நுழைஞ்சேன். ஒரு கீறல் இல்ல.

உள்ள வாக்கர் மட்டும் ஓரமா நிக்குது, ஆரோ அதுல கொடையை மாட்டி வெச்சிருக்காங்க. அவரு நடந்துட்டிருக்காரு. எதையும் பிடிக்காம. ரஞ்சிதம் அவருக்கு முன்னாடி, பின்பக்கமா நடந்துட்டே மில்லுல ஸ்டிரைக் நடந்த கதை சொல்லிட்டிருக்கா. மேனேஜர் எப்படி நடப்பாருன்னு நடிச்சுக் காட்டறா. இவரு சிரிக்கறாரு. சிரிச்சுட்டே காலை எடுத்து வெக்கறாரு. காலைப் பார்க்கவே இல்ல கண்ணு அவரு, அது பாட்டுக்கு வருது. லைன்காரங்க ஒருத்தரும் அவரை வேடிக்கை பார்க்கல. அவிங்கவிங்க துணியை எடுத்துட்டிருந்தாங்க.

அதைப் பார்க்கத்தானே நான் இத்தனை வருசம் அலைஞ்சேன்? கார்ப்பரேசன் படி ஏறி எறங்கினது, காலனிக்காரங்க பேச்சு கேட்டது எல்லாம் அதுக்குத்தானே? நான் ஒரு வார்த்தை பேசல. சும்மா நின்னேன். அவரு திரும்பறப்ப என்னைப் பார்த்துட்டாரு. பார்த்ததும் கால் நின்னுச்சு. ரஞ்சிதம் கையை எட்டிப் பிடிச்சு, பக்கத்துல இருந்த பெஞ்சுல உக்காந்துட்டாரு.

ஏன் உக்காந்துட்டீங்க, நடங்க, நல்லாத்தானே வருதுன்னு சொன்னேன். கிட்டப் போனேன். தலையைக் குனிஞ்சுட்டே சொன்னாரு.

‘நீ பார்த்தா எனக்குப் பரிட்சை மாதிரி இருக்கு, வசந்தா.’

முப்பத்தி சொச்சம் வருசம் ஒரே வீட்டுல இருந்துட்டு அதைச் சொல்றாரு. அதையும் அவ முன்னாடி. அவளாவது சும்மா இருந்தாளா? அப்படியே விட்டுடுங்க டீச்சர், அண்ணன் பாட்டுக்கு வந்து போகட்டும், நீங்க பக்கத்துல நின்னா அவருக்குக் கால் வர மாட்டேங்குதுன்னு எனக்கே புத்தி சொல்றா. மெதுவாத்தான் சொன்னா. அது இன்னும் எரிச்சலா இருந்துச்சு.

என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அதுதான் என்ற ஆத்தாமை. நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? அவருக்குன்னு சொல்லியிருந்தா நானே... சரி, விடு.

மறுநாளே செகரட்டரி வேலையை விட்டுட்டேன். வெட்டின வேலி வழியா உள்ள போனது என்ற வீட்டு ஆளு. அப்பறம் எந்த மூஞ்சியோட நான் மத்தவங்களைக் கேள்வி கேக்கறது? எல்லாரும் வேண்டாம் வேண்டாம்னு சொல்லுவாங்கன்னு நெனச்சேன். நீங்களும் கொஞ்சம் ஓய்வா இருங்க டீச்சர்னு சொல்லிக் கையெழுத்து வாங்கிட்டாங்க.

இதுக்காகவே காத்திருந்தாரு சண்முகவடிவேல். டீச்சர் வீட்டு மனுசனே நுழைய முடியாத பாதை எதுக்கு, பைப்பை எல்லாம் புடுங்குவோம், அவசரத்துக்கு ஆம்புலன்ஸாவது போகட்டும்னு ஆரம்பிச்சாரு. ஆம்புலன்ஸ் போற அகலத்துல அவரு காரும் போகும்ல? என்ற வீட்டுக்காரர் இடுப்பைக் காட்டி ரோடு கேக்கறாரு அந்த ஆளு. பைப்பை அறுக்க மிஷினோட ஆளே வந்துருச்சு. ரஞ்சிதம் வாயில கையை வெச்சு ஒரு சத்தம் குடுத்தாளாம். மொத்த லைனும் வந்து பைப்புக்கு முன்னாடி உக்காந்துருச்சு. ஷிப்ட் போட்டு உக்காந்தாங்க, ராவும் பகலும். காலனியில நடக்க வர்ற பொம்பளைங்களும் போய் உக்காந்தாங்க. நான் போகல. வேலையை விட்டவ எப்படிப் போறது? சாம்பார் சாதம் மட்டும் செஞ்சு தூக்குல குடுத்து விட்டேன், ரெண்டு ஷிப்டுக்கும்.

கடைசியில பைப்பை நவுத்தி நட்டாங்க. இப்ப வளைவு பெருசு, வாக்கர் போகுது, சக்கர நாற்காலி போகுது. பைக் நீளமா இருக்கறதால திரும்ப முடியாம முட்டிக்குதாம். இதுவரைக்கும் ஒரு வண்டியும் வரலைங்கறாங்க. நாளைக்கு வரும், அப்ப என்னைத் தேடுவாங்க. இவ்வளவுதான் விசயம்னா அன்னைக்கே ஆராவது எனக்குச் சொல்லியிருக்கலாம், நானே செஞ்சிருப்பேன். ஒருத்தரும் சொல்லல. இந்த ஊர்ல ஆரும் மனசுல இருக்கறதை வாயைத் திறந்து சொல்றதில்ல. அதைத்தான் உங்க ஊர்லயும் போய்ச் சொல்லு.

அதா, உள்ள சத்தம் கேக்குதா? எந்திரிச்சுட்டாரு. சட்டை மாத்துவாரு இப்ப. நான் கெளம்பணும். இல்ல, இன்னைக்குக் கோச்சிங் இல்ல. பரிட்சை லீவு விட்டு எத்தனையோ நாள் ஆச்சு. அது அவருக்குத் தெரியாது. நான் பையை எடுத்துட்டு எறங்கினாத்தான் அவரு பாதைக்கு எறங்குவாரு. மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்புல போய் உக்காந்திருப்பேன், விளக்குப் போடற நேரத்துக்குத் திரும்பி வருவேன். அன்னைக்குப் பார்த்ததுதான், அப்பறம் அவரு நடந்து நான் பார்க்கல.

நீயும் எந்திரி. பாதையைப் பார்க்காம எப்படிப் போவே? இந்தத் தெருவுல நேராப் போனா வாசல் வந்துரும். பெஞ்சுல உக்காந்துக்க, கொஞ்ச நேரத்துல வருவாரு. பேச்சுக் குடுக்காதே. சும்மா பாரு. வலது காலை நல்லா ஊணி வெக்கறாரா, இல்ல இன்னும் இழுத்துட்டுத்தான் வர்றாரா, அதை மட்டும் பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லிட்டுப் போ. நான் கேட்டேன்னு அங்க ஆருகிட்டயும் சொல்லிடாதே. திருப்பூர் பஸ்ஸும் அந்த ஸ்டாப்புலதான் நிக்கும், உனக்கும் சௌகரியம்.